இலைத் தேமல்

காலையில் தோட்டத்தைப் பெருக்கி முடித்ததும் மங்கை உடனே டீ குடிக்கப் போவதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மக்கில் ஆட்காட்டி விரலை நனைத்துக்கொண்டு வாசலோரத் தென்னையிடம் போவாள். பட்டையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் ஒரு தேமலின் மேல் அந்த விரலை வைத்து அழுத்துவாள். மூன்று எண்ணுவதற்குள் சாம்பல் போய் அந்த இடம் பச்சையாகும். ஈரம் காய்ந்தால் மறுபடி சாம்பலாகிவிடும். பதினான்கு வருடமாக இதைச் செய்கிறாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

திருவொற்றியூரில் ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டம் அது. ஒன்பது தென்னை, மூன்று மா, இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, சுற்றிலும் உடைந்தும் உடையாமலும் ஒரு வேலி. வெளியே கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் பெருக்கிய இடத்தில் மத்தியானத்துக்குள் கறுப்புத் தூசி படிந்துவிடும். காற்று வடக்கிலிருந்து திரும்பினால் மூக்கை எரிக்கும் ஒரு நெடியும் வரும். உள்ளே இருக்கும் பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். மரங்கள் எங்கே போகும்?

மங்கை குப்பத்துப் பெண். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அம்மா விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவாள். தம்பிகள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் மங்கைதான். நாலு பேர் நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் கேட்பவர்களும் மெல்ல மெல்லக் குறைந்துபோனார்கள். வீட்டில் எதை முடிவு செய்தாலும் அவள் புருஷன் செல்வம் அவளைக் கேட்டதில்லை. கேட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதற்கு வட்டியும் முதலுமாக அவள் கண்கள் வேலை செய்தன. எந்தக் கிழவர் எந்த நாளில் கூடுதலாக இருமினார், எந்தத் தென்னையில் எலி ஏறுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அப்படித்தான் தேமல்களையும் பார்க்கத் தொடங்கினாள். மனுஷத் தோலில் வருவது மாதிரியே மரத்துக்கும் தேமல் வருகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால் எல்லாம் ஒன்று இல்லை. தென்னையில் இருப்பது சாம்பல். பூவரசில் இருப்பது சந்தனத்தைக் குழைத்து அப்பியதுபோல வெளிறிய மஞ்சள். மாமரத்தில் ஒன்று, வெள்ளைத் தரையில் கடுகு இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளியோடு இருக்கும். வேம்பில் இருப்பது உப்புத் தூவினதுபோலப் பொடி வெள்ளை. இரண்டு தேமல்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. நடுவில் பேனாவால் கிழித்ததுபோல ஒரு கறுப்புக் கோடு விழும். பங்காளிகள் சுவர் வைத்துக்கொண்ட மாதிரி. அவளாகவே பெயர் வைத்தாள்: சாம்பல், சந்தனம், கடுகு, உப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பெனிஷா மிஸ் வந்த பிறகுதான் அதில் சொல்ல ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கல்லூரியில் தாவரங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர். இல்லத்தில் இருந்த தன் பெரியம்மாவைப் பார்க்க வந்தவர், வராந்தாவிலிருந்து மங்கையின் ஈர விரலைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, அது ஏன் பச்சையாகுதுன்னு தெரியுமா?"

மங்கை விரலைச் சேலையில் துடைத்தாள். "தெரியாது மிஸ்," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "வெயில் காலத்துல லேட்டா ஆவுது. மயைக் காலத்துல தொட்டவொடனே ஆவுது," என்றாள்.

மிஸ் பெரியம்மாவை மறந்துவிட்டுச் செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் இறங்கி வந்தார்.

அன்றைக்கு மிஸ் சொன்னது மங்கைக்கு வார்த்தை தப்பாமல் நினைவிருக்கிறது. இதற்கு லைக்கன் என்று பெயர். இது ஒற்றை உயிர் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும், பாசி வெயிலில் சமைத்துப் போடும். நனைந்தால் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பாசி பச்சையாகத் தெரிகிறது.

"அப்ப மரத்துக்கு நோவு இல்லியா மிஸ்?"

"இல்லக்கா. மரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே தவிர மரத்தைத் தின்னாது. இதுக்கு வேரே கிடையாது. மழையும் காத்தும்தான் சாப்பாடு. காத்துல என்ன கலந்திருந்தாலும் சேர்த்துக் குடிச்சிடும். அதனாலதான் நான் இங்க வந்து கணக்கெடுக்கணும்னு பார்க்கிறேன். இந்த அப்பின மாதிரி இருக்கிறதெல்லாம் முரட்டு வகை, எந்தக் காத்தையும் தாங்கும். இலை மாதிரி விளிம்பு தூக்கிக்கிட்டு ஒரு வகை இருக்கு. அது கொஞ்சம் சொகுசு. அது இங்க வந்துதுன்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க. நீங்க பார்க்காம இங்க எதுவும் வராது."

நீங்க பார்க்காம. மங்கை அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் மிஸ் வருவார். கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளை மரத்தில் சுற்றி, எத்தனை கட்டத்தில் தேமல் இருக்கிறது என்று எண்ணுவார். "மங்கை அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்பார். மங்கை முன்னால் நடப்பாள். வருடத்தில் அந்த ஒரு நாள் அவள் முன்னால் நடந்தாள், படித்த ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மேலாளர் லியோனார்ட் சார்கூட வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார். முதல் வருடக் கணக்கின் நகலில் 'களத்தில் காட்டியவர்: மங்கை' என்று அச்சில் இருந்தது. அதை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

"இன்னா மங்கை, மரத்துக்குப் பொட்டு வெக்கற உத்தியோகம் குட்த்துட்டாங்களாமே!" என்று செல்வம் கிண்டல் செய்தான்.

"கம்முனு சோறு துன்னு," என்றாள். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் எல்லா மரத்துக்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடி முதல் மார்பு உயரம்வரை வெள்ளை, அதற்கு மேல் நாலு விரல் அகலத்துக்குக் காவிக் கோடு. சுண்ணாம்பு தோய்த்து அடிக்கும் மட்டை மங்கையின் கையில்தான். சுண்ணாம்பு பட்டால் தேமல் செத்துவிடும் என்று அவளுக்கு மிஸ் வருவதற்கு முன்பே தெரியும். அதனால் கீழே நல்ல தேமல் ஒன்று வந்திருந்தால் அந்த மரத்தில் கோட்டை ஒரு சாண் இறக்கிப் போடுவாள். மரங்கள் வேறு வேறு உயரம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இப்படி மூன்று ஜனவரி போனது. நாலாவது வருடம் பங்குனியில் பூமாரி வந்து சேர்ந்தாள்.

பூமாரிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் புருஷன் ஆறுமுகநயினார் வண்ணாரப்பேட்டையில் மசாலாச் சாமான் மொத்தக் கடை வைத்திருந்தார். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவர் சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கடையில் எடைபோடப் போனார், இவள் இங்கே களை பிடுங்க வந்தாள். மங்கையைவிட மூன்று வயது சின்னவள். வாய் ஓயாது. வந்த நாலாம் நாள், வாசல் தென்னையைக் கடந்தவள் நின்று, பட்டையை விரலால் வருடினாள்.

"யக்கா, இது கல்பாசிக்குச் சொந்தக்கார கூட்டம்லா?"

மங்கையின் துடைப்பம் நின்றது. "இன்னாது?"

"கல்பாசிக்கா. பிரியாணிக்குப் போடுதோமே, கறுப்பும் வெள்ளையுமா. அதுவும் மரத்துலயும் பாறையிலயும் இருந்துதான உரிச்சு வருது. இருவது வருசம் மூட்டை மூட்டையாப் புடைச்சிருக்கேன், பட்டை வேற, தூசி வேற, கல்பாசி வேறன்னு. கண்ணைக் கட்டி விட்டாலும் விரல் சொல்லும்." பேசிக்கொண்டே பூவரசைப் பார்த்தாள். "அந்தா, அங்க ஒண்ணு மஞ்சளா. இதுல ரெண்டு தினுசு. யாத்தே, எத்தனை இருக்கு இங்க!"

பதினொரு வருடத்தில் மங்கை பார்த்ததை அவள் ஒரு துடைப்பக் கட்டைத் தூரத்துக்குள் பார்த்துவிட்டாள். அதுவும் சத்தம் போட்டுக்கொண்டு.

அன்றிலிருந்து மங்கை அரை மணி முன்னதாக வேலைக்கு வந்தாள். தூசி என்று லியோனார்ட் சாரிடம் காரணம் சொன்னாள். மரங்களைப் பூமாரிக்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம். பூமாரி ஒரு மரத்திடம் நின்றால் மங்கை மனதுக்குள் எண்ணத் தொடங்குவாள். இருபதைத் தாண்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. அவள் நகர்ந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். சில நாள் ஒன்றும் இருக்காது, பூமாரி சும்மா இடுப்பு நிமிர்த்தியிருப்பாள். சில நாள் ஒரு புது உப்பு, ஊசிமுனை அளவுக்கு இருக்கும். தான் முந்தின நாள் அதே இடத்தைப் பார்த்தும் காணவில்லையே என்று அவளுக்கு உடம்பெல்லாம் காந்தும். பூமாரி சிரிப்பது பிடிக்கவில்லை. டீயில் பிஸ்கட்டை நனைப்பது பிடிக்கவில்லை. கிழவிகள் அவளை "பூமாரிக்கண்ணு" என்று கூப்பிடுவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பார்க்கிற வேலையும் கெட்டது. முன்பெல்லாம் மங்கை மரத்தைப் பார்த்தாள். இப்போது மரத்தைப் பார்க்கும் பூமாரியைப் பார்த்தாள்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெளுத்ததும் சமையலறைக்குப் பின்னாலிருந்து பூமாரி கூவினாள்.

"யக்கா! ஓடி வாங்க! இது அப்பினது இல்ல, இலைக்கா!"

மாமரத்தில், கழுத்து உயரத்தில், சுவரைப் பார்த்த பக்கம். ஐந்து ரூபாய்க் காசு அகலம். சாம்பலும் நீலமும் கலந்த நிறம். விளிம்பெல்லாம் குட்டிக் குட்டி மடல்கள், குழந்தைக் கை விரித்த மாதிரி. பூமாரி நகத்தால் ஒரு மடலை மெல்லத் தூக்கிக் காட்டினாள். அடியில் கறுப்பு.

"கல்பாசியேதான், ஆனா குட்டி. மிஸ் ஒருத்தங்க வருவாங்க, எண்ணுவாங்கன்னு சமையக்கட்டுல சொன்னாங்களே. அவங்களுக்கு போன் போடுங்கக்கா. சந்தோசப்படுவாங்கள்ளா?"

மூன்று வருடமாக மங்கை தேடிய பொருள் அது. கனவில்கூட ஒரு முறை வந்தது. கனவில் அதைக் கண்டவள் அவள்தான்.

"போடறேன்," என்றாள்.

"உங்க போன்ல போட்டோ பிடிக்கலாமே. எனக்குள்ளது பட்டன் போனு."

"சார்ஜ் இல்ல."

இடுப்பில் செருகியிருந்த போனில் முக்கால்வாசி சார்ஜ் இருந்தது. அன்றைக்கும் போன் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. பூமாரி கேட்டபோது, "மிஸ்ஸு பிஸியா கீறாங்களாம், வரச்சொல்லோ பாப்பாங்களாம்," என்றாள். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. தொண்டைகூட அடைக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் லியோனார்ட் சார் சுண்ணாம்பு வாங்கிப் போட்டார். "மங்கை, இந்தத் தடவை விருந்தாளிங்க நிறைய. கேட்ல இருந்து பார்த்தா மரமெல்லாம் பளிச்சுனு தெரியணும்," என்றார்.

மங்கை தென்னைகளை முடித்தாள். பூவரசை முடித்தாள். சமையலறை மாமரத்துக்கு வந்தபோது பூமாரி முன்பக்கம் குரோட்டன்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டு கேட்டது. மங்கை அடிமரத்திலிருந்து அடித்துக்கொண்டே வந்தாள். மார்பு உயரத்தில் கை நிற்க வேண்டும். நிற்கவில்லை. கை தவறிப் போனது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் மட்டையை இரண்டு முறை வாளியில் தோய்த்தாள், குதிகாலைத் தூக்கி நின்றாள், கழுத்துக்கு மேல் ஒரு சாண்வரை கெட்டியாக அடித்தாள். அதன்மேல் நேராக, அழகாக, காவிக் கோடும் போட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பூமாரி அந்தப் பக்கம் வந்தாள். மரத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவளிடமிருந்து பாட்டு வரவில்லை.

ஜனவரியில் பெனிஷா மிஸ் வந்தார். "மங்கை அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று அவர் வாயெடுப்பதற்குள் பூமாரி முன்னால் வந்து நின்றாள். "மிஸ், முதல்ல நான் ஒண்ணு காட்டுதேன்."

மூவரும் மாமரத்தடியில் நின்றார்கள்.

"இங்கனதான் மிஸ் இருந்துச்சு. இலை இலையா, தூக்குனா அடியில கறுப்பு. அஞ்சு ரூபாத் துட்டு அகலம்." பிறகு மங்கையைப் பார்க்காமலே சொன்னாள்: "ஊர்ல உள்ள மரமெல்லாம் சேலைய மாருக்குக் கட்டியிருக்கு. இந்த மரத்துக்கு மட்டும் வெக்கம் சாஸ்தி போல. கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டு நிக்கி."

மிஸ் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது. அது எதுவாகவும் இருக்கலாம். "போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை. மிஸ் மங்கையின் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க பார்த்தீங்களா?"

பூமாரியும் திரும்பினாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் வந்தால் அடுத்த கேள்வி 'அப்புறம் ஏன் அடிச்சீங்க' என்று வரும் என்பது மங்கைக்குத் தெரிந்தது.

"இல்ல மிஸ். நான் பாக்கச்சொல்லோ வெறும் பாசிதான் இருந்துச்சு."

மிஸ் பூமாரியின் தோளைத் தட்டினார். "பரவால்லக்கா. மழையில ஊறினா சில பாசி அப்படித்தான் தெரியும். பார்க்காததை நான் எழுதக் கூடாது," என்றார். இதமாகத்தான் சொன்னார். பூமாரியின் முகம் சுண்டிப்போனது. இருபது வருடம் கல்பாசி புடைத்தவளிடம் பாசி என்று சொன்னால் வேறு எப்படி ஆகும்? "சரி மிஸ்," என்று சொல்லிவிட்டுக் களைக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வருடமும் மங்கைதான் முன்னால் நடந்தாள். அந்த வருடமும் மிஸ் அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

அதன் பிறகு பூமாரி தேமலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறது, வாளி ஓட்டை, இவ்வளவுதான் பேச்சு. 'யக்கா' போய்விட்டது. மங்கைக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. தோட்டம் மறுபடி தனக்கே வந்துவிட்டது என்று நினைத்தாள். ஆடி மாதம் வரை நினைத்தாள்.

ஆடியில் ஒரு நாள் பூமாரி கிழக்கு வேலியோரம் நின்றிருந்தாள். அங்கே ஒரு பழைய கட்டுமரத்தின் கட்டை கிடக்கும். செல்வத்தின் அப்பா கடலுக்குப் போன கட்டுமரம் அது. அவிழ்த்துப் போட்டதில் ஒரு கட்டையைச் செல்வம்தான் வண்டியில் ஏற்றி வந்து, உட்காரட்டும் என்று இல்லத்துக்குக் கொடுத்தான். மங்கை டீ குடிப்பது அதில்தான். கட்டைக்குப் பின்னால் ஒரு வேம்பு. பூமாரி அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றாள். மங்கை எண்ணினாள். இருபது, நாற்பது, அறுபது. பூமாரி லேசாகச் சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும்.

மங்கை வேம்பைத் தேடினாள். முதல் முறை கண்ணால். இரண்டாம் முறை விரலை நனைத்துக்கொண்டு பட்டை பட்டையாக. மூன்றாம் முறை சமையலறை ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பழைய சாம்பல்கள், இரண்டு உப்பு. வேறு ஒன்றுமே இல்லை. ஆனால் பூமாரி நிற்பது நிற்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. முன்பு அவள் சத்தம் போட்டதுதான் எரிச்சலாக இருந்தது. சத்தம் போடாமல் பார்ப்பது அதைவிடப் பத்து மடங்கு எரிந்தது. மங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்டி இளைச்சிக்கினே போற? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று செல்வம் கேட்டான்.

"அவ இன்னாத்தையோ பாக்கறாய்யா."

"எவ?"

"பூமாரி. எனக்குத் தெரிய மாட்டேங்குது."

செல்வத்துக்கு விஷயம் புரிந்தது. "ஆஸ்பத்திரி வாணாம். நேரா அவளாண்ட போயி கேளு. இல்லாங்காட்டி இந்த பேஜாரு தீராது," என்றான்.

கேட்பதற்கு மங்கைக்கு டிசம்பர் ஆனது. சுண்ணாம்பு வாளியில் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. பூமாரி பக்கத்தில் மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேலியாண்ட தெனைக்கும் இன்னா பாக்கற?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுக்கா சிரிச்சிக்கினு நிக்கற? சொல்லு."

பூமாரி மட்டையை உதறினாள். "எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு ஸ்டூல்ல ஏறி நின்னு அதுக்கும் சுண்ணாம்பு அடிக்கவா?"

மங்கை வாளியில் கோலை விட்டுக் கலக்கினாள்.

"மிஸ் வருவாங்கள்ளா, அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லு. நான் பொய்க்காரி இல்லைன்னு சொல்லு. அன்னைக்குக் காட்டுதேன்."

"உன் தேமலை நீயே வெச்சிக்கினு கும்பிடு!" என்று சொல்லிவிட்டு மங்கை வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சுண்ணாம்பு காலில் சிந்தி எரிந்தது. அந்த வருடம் எல்லா மரத்திலும் கோடு மார்பு உயரத்தில் நின்றது. வேம்பில் அடிப்பதற்கு முன் மறுபடி ஒரு முறை தேடினாள். இல்லை.

ஜனவரியில் மிஸ் வருவதற்கு முந்தின வாரம் மங்கைக்குத் தூக்கம் சரியாக இல்லை. உண்மையைச் சொன்னால் முன்னால் நடப்பது போய்விடும். சொல்லாவிட்டால் முன்னால் நடக்கலாம், ஆனால் தோட்டத்தில் தான் பார்க்காத ஒன்று இருக்கும், அது பூமாரிக்கு மட்டும் தெரியும். எப்படிப் பார்த்தாலும் பூமாரியே ஜெயித்தாள். இந்த இரண்டில் எதைத் தாங்கலாம் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மனசாட்சி என்று பெரிய வார்த்தை சொல்ல வேண்டாம். அவளுக்கு அதைப் பார்த்தாக வேண்டும். அவ்வளவுதான்.

மிஸ் வந்தார். "மங்கை அக்கா, ஆரம்பிக்கலாமா?"

மங்கை நடக்கவில்லை. மிஸ் காத்திருந்தார். பூமாரி களைக்கூடையோடு தூரத்தில் நின்றிருந்தாள்.

"மிஸ், போன வருசம் இவங்க ஒண்ணு சொன்னாங்களே. மாமரத்துல. அது இருந்துச்சு. நான் பாத்தேன். இலைதான். பாசி இல்ல." மூச்சு வாங்கினாள். "நாந்தான் அதும் மேல சுண்ணாம்பு அடிச்சேன். தெரிஞ்சேதான் அடிச்சேன்."

"ஏன்க்கா?"

மிஸ் மங்கையின் முகத்தைப் பார்த்தார், பிறகு பூமாரியின் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டைத் திறந்து, எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், எந்த மாதம் என்று கேட்டுக்கொண்டார். மங்கை எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள், ஏனென்றால் அந்த ஐந்து ரூபாய் அகலத்தில் மறந்துபோக அவளுக்கு எதுவும் இல்லை. 'முதலில் கண்டவர்' என்ற இடத்தில் மிஸ் எழுதியதைத் தலைகீழாகப் படித்தாள். பூமாரி. மூன்றே எழுத்து.

"போதுமா?" என்றாள் பூமாரியிடம்.

"வா," என்றாள் பூமாரி.

வேலிப் பக்கம் போனார்கள். மங்கை பழக்கத்தில் வேம்பை நோக்கி நடந்தாள். பூமாரி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "மரத்துல இல்லட்டி. குனி."

கட்டுமரக் கட்டையின் வேலிப் பக்கத்து விலாவில், உட்காருபவர் கண்ணுக்குப் படாத இடத்தில், அது இருந்தது. மாமரத்தில் இருந்ததைவிடப் பெரியது. மடல் மடலாக விரிந்து, நடுவில் வெளிறி, ஓரத்தில் நீலச் சாம்பலாக. மிஸ் மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, "அய்யோ, என்ன அழகு!" என்றார்.

"அது நான் குந்தற கட்டையாச்சே," என்றாள் மங்கை.

"அதான சிரிச்சேன். நீ மேல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு மரத்தையே முறைச்சுக்கிட்டு இருப்ப. அது உன் காலுக்குப் பின்னால இருக்கும்."

மங்கைக்கு அது மரமாகவே தோன்றியதில்லை. அது மாமனார் வீட்டுக் கட்டை. கடலுக்குப் போய் வந்த சாமான். அதில் உட்காரலாம், வலையைக் காயப்போடலாம். தேமல் வரும் என்று குப்பத்தில் யார் நினைப்பார்கள்? வெளியூர்க்காரிக்குத்தான் அது வெறும் மரம். மங்கை குனிந்தபடியே இருந்தாள். அழகாகத்தான் இருந்தது. தன் வீட்டுக் கட்டையில் இருந்தது. ஆனால் கண்டது அவள் இல்லை.

"பார்த்தாச்சா?" என்று பூமாரி கேட்டாள்.

"பாத்தாச்சு."

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது மிஸ் வந்தால், "பூமாரி அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்கிறார். மங்கை பின்னால் வருகிறாள், கட்டம் போட்ட தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். சுண்ணாம்பு மட்டையை லியோனார்ட் சார் பூமாரியிடம் கொடுத்துவிட்டார். டீ நேரத்தில் இரண்டு பேரும் சமையலறைப் படியில் உட்காருகிறார்கள், கட்டையில் யாரும் உட்காருவதில்லை. 'யக்கா' திரும்பி வரவில்லை, ஆனால் பேச்சு வந்திருக்கிறது. பொறாமை போய்விட்டதா என்று செல்வம் ஒரு நாள் கேட்டான். போகவில்லை என்று மங்கை சொன்னாள். கட்டையில் இலைத் தேமல் இப்போது மூன்று இருக்கின்றன. மூன்றையும் பூமாரிதான் முதலில் பார்த்தாள்.